தெய்வமில்லா மடத்து அடுக்களை

அதெல்லாம் நீ நம்பமாட்டே மக்கா. நீ அவிய எழுதின புஸ்தகத்த வாசிச்சிட்டு வந்த ஆளு. நான் அவியளைக் கெட்டி, அவியளுக்குக் கஞ்சி வச்ச ஆளு. உங்க சாரு ஒண்ணையும் துறக்கல்ல. நான் சொல்லுதது பொய்யின்னா நீயே சொல்லு பாப்பம், என்னத்தத் துறந்தாவ?

பேண்டா? ஆங், பேண்டைத் துறந்தாவ, உள்ளதுதான். வாத்தியார் வேலையில இருந்து ரிட்டையர் ஆன அன்னைக்கு பேண்டு சட்டை எல்லாத்தையும் மடக்கி எனக்க கையில தந்துட்டு, இனி ரெண்டு வெள்ளை வேட்டி, ரெண்டு வெள்ளைத் தோர்த்துத் துண்டு, அம்புட்டுத்தான்னாவ. நீங்க அதைப் பெரிசா எழுதிப் போட்டிய. காப்பிக் கலரு பேண்டுன்னா ரெண்டு நாளு அழுக்குத் தெரியாது. வெள்ளை வேட்டியில வாழைக்கறை பட்டா போவுமா? நீ கறை எடுத்திருக்கியா? உனக்க அம்மையிட்டக் கேளு. அவிய துறந்தது பேண்டு. எனக்குக் கெடச்சது கல்லும் சோப்பும் நீலமும்.

சிரிக்காத. உக்காரு. அந்தச் சேருல வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இங்க இரு. மேல என்ன சத்தம்? உனக்கக் கூட வந்த பிள்ளிய ரெண்டும் ரூம்பு அளக்குதா? அளக்கட்டு. எத்தனை கட்டிலு போடணும்னு கணக்கா? உங்க சாரு கட்டில்ல படுக்கல்ல, கேட்டியா. பலகையில படுத்தாவ. பலகையில படுத்து முதுகு எல்லு நோவு கேறி, பொறவு ரெண்டு வருசம் மருந்துக் கொழம்பு தடவி, ஒத்தடம் குடுத்து, சூடுவெள்ளம் வச்சு... சரி, அது போட்டு. ஆரு ஒத்தடம் குடுத்தான்னு நீ கேக்கல்ல, நானும் சொல்லல்ல.

உனக்கப் பேரு என்ன சொன்னே? ஜெபிஷ். கொள்ளாம். ஜெபம்னு பேரும் வச்சுட்டு தெய்வம் இல்லங்கே. அம்மைக்குத் தெரியுமா? தெரியாதா! பின்ன எங்கயாக்கும் போறேன்னு சொல்லிட்டு வந்தே? ப்ராஜெக்டா. நல்ல ப்ராஜெக்டு.

நீ காலம்பற சொன்னத நான் திருப்பிச் சொல்லுதேன், தப்பிருந்தா சொல்லு. சாரு கண்ணை மூடி ஆறேழு மாசம் ஆச்சு. நீங்க அஞ்சாறு பேரு, எல்லாம் நல்ல படிப்புப் படிச்சு நல்ல வேலையில உள்ள பிள்ளிய, வேலைய விட்டுட்டு இந்த வீட்ல ஒரு மடம் வைக்கணும். தெய்வம் கெடையாது, ஜெபம் கெடையாது, வேதபுஸ்தகம் கெடையாது. மத்தது ஒக்க எல்லாம் உண்டு. விடியக்காலம் எந்திக்கணும், மத்தியானம் உச்சை வரைக்கும் பேசப்பிடாது, ஒருநேரம் சாப்பாடு, வாழை விளையில வேலை, கல்யாணம் காட்சி ஒண்ணும் இல்ல. உங்க சாரு இருந்த மாதிரியே. வீடு எங்கப்பன் எனக்குத் தந்த வீடு, அதனால நான் சம்மதிக்கணும். அதுவரைக்கும் சரி. பொறவு ஒண்ணு பைய சொன்னியே, சாயா குடிச்சிட்டிருக்கும்போ, அம்மாவும் இங்கயே இருக்கணும், அம்மா இல்லாம இந்த மடம் இல்லன்னு. அந்த ஒரு வார்த்தையத்தான் நான் அப்பம் முதலு மென்னுட்டு இருக்கேன்.

தெய்வம் இல்லாத்தவனுக்குத் துறவறம் ஒக்குமா, முடியுமான்னு என்னைக் கேட்டா நான் என்ன சொல்ல? நான் படிச்சது எட்டாங்கிளாஸ்.

எனக்கச் சித்தி ஒருத்தி இருந்தா, பைபிள் உமன். உனக்குத் தெரியாது, இப்பம் அதெல்லாம் இல்ல. கல்யாணம் செய்யாம, ஒரு குடையும் ஒரு பையுமா ஊரு ஊரா நடப்பா. வீட்டுக்குள்ள பொம்பளையளுக்கு வேதம் சொல்லிக் குடுக்கது அவளுக்க வேலை. கறுப்பா, நெட்டையா, பல்லு கொஞ்சம் எடுப்பா இருப்பா. ஆம்பிளையளுக்கு அவளைக் கண்டா பயம். அவளுக்கும் தெய்வத்துக்கும் தினமும் சண்டை. நல்லாத் துணி காயப்போட்ட நேரம் மழை வந்தா, உமக்கு இப்பமா கண்டுதுன்னு மேல பாத்துக் கேப்பா. அவ துறவி. நான் ஒத்துக்கிடுவேன். ஏன்னா அவளுக்க கஞ்சிய அவ வச்சா. அவளுக்க பாவாடைய அவ தொவச்சா. சாவும்போ கூட, அடுப்பை அணைச்சிட்டு, பாத்திரம் கமத்தி வச்சிட்டு, பாயி விரிச்சுப் படுத்துச் செத்தா. மறுநாளு போன எங்களுக்குக் கழுவ ஒரு கிளாசு கூட மிச்சம் இல்ல.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், உங்க சாரு.

அவியளுக்குத் தெய்வம் எப்பம் இல்லாமப் போச்சுன்னு புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு? நீண்ட வாசிப்பு, விஞ்ஞானப் பார்வை. கொள்ளாம், நல்லாருக்கு. உள்ளத நான் சொல்லட்டா? சபைக் கமிட்டி எலெக்சன். செயலர் பதவிக்கு நின்னாவ. எதுத்து நின்னது எனக்கக் கூடப்பெறந்தவன் செல்வதாஸ். நம்ம ஊருல சபை எலெக்சன்னா என்னன்னு உனக்குத் தெரியும்லா? எம்மெல்லே எலெக்சனுக்கு ரோட்டைக் கடந்து வராத்தவன், சபை எலெக்சனுக்கு மஸ்கட்ல இருந்து ப்ளேன் கேறி வருவான். சாரு வீடு வீடாப் போனாவ. ஒவ்வொரு வீட்லயும் முட்டுக்குத்தி ஜெபம் பண்ணினாவ. என்ன ஜெபம்ங்கே! கண்ணுல வெள்ளம் வந்துரும். தோத்தாவ. எனக்க ஓட்டு எங்க போச்சுன்னு என்னையப் பிடிச்சு கேள்வி, கூடப்பெறந்தவனுக்குப் போட்டிருப்பேன்னு. நான் இவியளுக்குத்தான் போட்டேன் மக்கா. சாவுத வரைக்கும் நம்பல்ல. அடுத்த மாசம் கிளப்புல ஒரு கூட்டத்துல கேறி நின்னு தெய்வம் இல்லன்னுட்டாவ. செல்வதாஸ் அன்னைக்குத் தோத்திருந்தான்னா, தெய்வம் இன்னைக்கும் இருந்திருப்பாரு.

பொறவு வாசிச்சாவ, அதை நான் மறைக்கமாட்டேன். நெறய வாசிச்சாவ. உண்மையா யோசிச்சாவ. கெட்ட மனுசன் இல்ல. குடி இல்ல, பொம்பளை இல்ல, கைய நீட்டினது இல்ல. அதுதான் கஷ்டம். கெட்ட மனுசன்னா நாலு பேருட்டச் சொல்லி அழலாம்.

அந்த மாமரத்துல தொங்குதே ஒரு இரும்பு, பாத்தியா? அதைத்தான் போட்டோ எடுத்தே, தெரியும். அது பள்ளிக்கூடத்துல மணிக்குப் பதிலா கெட்டியிருந்த தண்டவாளத் துண்டு. கரண்டு பெல்லு வந்தப்பம் அதைத் தூக்கிப் போட்டாவ. உங்க சாரு ஆட்டோவுல ஏத்திக் கொண்டுவந்து மரத்துல கெட்டினாவ. மடம்னா மணி வேணும்னாவ. மனுசன் தன் இஷ்டத்துக்கு எந்திக்கப்பிடாது, மணிக்கு எந்திக்கணும், அப்பந்தான் நான்ங்குத எண்ணம் ஒடையும்னாவ. கேக்க எம்புட்டு நல்லா இருக்கு! ஆனா மணி தானா அடிக்குமா மக்கா? சாரு மணி கேட்டு எந்திக்கணும்னா, அதுக்கு முன்ன ஒருத்தி எந்திச்சு, இருட்டுல செருப்பைத் தேடி, பாம்பு கெடக்கான்னு டார்ச்சு அடிச்சுப் பாத்து, மரத்து மூட்டுல போயி நின்னு அடிக்கணும்லா? அவியளுக்கு மணி. எனக்கு அலாரம். அவியளுக்க எண்ணம் ஒடஞ்சுதா என்னன்னு தெரியாது, எனக்க ஒறக்கம் ஒடஞ்சுது.

மௌனம்னா அவியளுக்கு மட்டும் இல்ல. வீட்டுக்கே மௌனம். மிக்சி போடப்பிடாது. தேங்காய அம்மியில அரைக்கணும். அம்மியும் பைய அரையணும்! குக்கரு விசிலு அடிக்கப்பிடாது. வெளிய மீன்காரன் வந்தா கூவாதேன்னு நான் கையக் காட்டணும். அவன் என்னை ஊமைன்னு நெனச்சு ஒரு மாசம் கையாலயே வெலை சொன்னான்.

அவிய வேணும்ங்கத சீட்டுல எழுதுவாவ. எழுதி மாடிப்படியில நீட்டுவாவ. உப்பு. கண்ணாடி எங்கே. வெந்நி. ஒருநாளு ஒரு சீட்டு வந்துது, அதுல எனக்கப் பேரு மட்டும் எழுதியிருக்கு. ரத்தினம்னு. வேற ஒண்ணும் இல்ல. அவிய எனக்கப் பேரைச் சொல்லிக் கேட்டது கல்யாணம் ஆன புதுசுல. நான் அந்தச் சீட்டை வச்சிட்டு அடுப்பு மூட்டுல கொஞ்சநேரம் நின்னேன். என்னவோ ஏதோன்னு... வயசாச்சே, ஒருவேள... பொறவு மேல ஓடிப்போனா, சீட்டைத் திருப்பிப் பாக்கச் சொல்லிக் கையாட்டுதாவ. பின்பக்கம் வெந்நின்னு எழுதியிருக்கு. நான் அந்தச் சீட்டைத் திருப்பாமலே இருந்திருக்கலாம்.

அவிய சீட்டெல்லாம் கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்ங்கியா? வை. ஒண்ணு மட்டும் கெடைக்காது, அது சுபிதா கையில இருக்கு. எனக்க மவ. பிரசவத்துக்கு இங்கதான் வந்தா. வராம எங்க போவா, தலப்பிரசவம் அம்ம வீட்லதான. பையன் பெறந்தான், பெர்லின்னு பேரு. நல்ல சத்தம் அவனுக்கு. பச்சப் பிள்ளைக்கு உச்சை வரைக்கும் மௌனம்னு ஆரு சொல்லிக் குடுக்க? நான் கதவை அடைச்சு, சன்னலுக்குத் துணி வச்சு, பிள்ளையத் தோளுல போட்டு விளைக்குள்ள நடந்து, என்னெல்லாமோ பாத்தேன். ஒருநாளு மேல இருந்து சீட்டு வந்துது. குழந்தைன்னு எழுதி, அதுக்கு அடியில ஒரு கோடு. அம்புட்டுத்தான். திட்டல்ல, வெரட்டல்ல. அவ அந்தச் சீட்டை மடிச்சு வச்சா. ஆட்டோவ விளிச்சு, பிள்ளையத் தூக்கிட்டு இரணியலுக்கு மாமியார் வீட்டுக்குப் போயிட்டா. பச்ச ஒடம்பு மக்கா, தையலு கூட ஆறல்ல.

அதுக்குப் பொறவு அவ இந்தப் படி கேறல்ல. அப்பன் செத்தப்பமும் வந்தா, முத்தத்துல நின்னுட்டுப் போனா. பேரனை நான் கல்யாண வீட்டுப் பந்தியில வச்சுப் பாப்பேன். இப்பம் மீசை வந்தாச்சு. அம்மச்சின்னு விளிச்சு காலைத் தொடுவான், போன்ல பாத்துட்டே.

நான் ஏன் அன்னைக்கு ஒண்ணும் சொல்லல்லன்னா கேக்கே? சொன்னேன். மாடிக்குப் போயி நின்னு சத்தம் போட்டேன். அவிய கண்ணை மூடிட்டு இருந்தாவ. உச்சைக்குப் பொறவு கீழ வந்து, கோபம் வந்தா மூச்சை எண்ணுன்னு சொல்லித் தந்தாவ.

என்ன? உங்க மடத்துல எல்லாரும் வேலையப் பங்கு வைப்பியளா. வைப்பிய. மொதல்ல கொஞ்சநாளு நல்லா வைப்பிய. இங்க முன்னயும் வந்து தங்கியிருக்கான்வ. ஒரு கூட்டம் வந்துது, திருவனந்தபுரத்துல இருந்து. திற்பரப்புல போயி அருவியில குளிச்சிட்டு, ஈரத் துணியோட வந்து மாடியில தியானத்துல இருந்தான்வ. ஒருத்தனுக்கு அறிவு தெளிஞ்சு போச்சாம். எல்லாரும் அவனைக் கெட்டிப் பிடிக்கான்வ, ஒருத்தன் அழுவுதான். தெளிஞ்சவனுக்குத் தின்ன பிளேட்டை எடுக்கணும்னு தெளியல்ல. அந்தால கெடந்துது, ஈ மொய்ச்சு.

உழைப்பே வழிபாடுன்னு சாரு எழுதியிருக்காவ, அதை நீ காலம்பற ரெண்டு தடவை சொல்லிட்டே. சாரு வாழை நட்டாவ, உள்ளதுதான். ஒவ்வொரு கன்னையும் பிள்ளைய மாதிரி நட்டாவ. அதுக்கு வெள்ளம் கோரினது நான், வளம் போட்டது நான், காத்துல சாஞ்சதுக்கு முட்டு குடுத்தது நான். குலை வெட்டும்போ வருவாவ.

நான் ஒண்ணு கேக்கட்டா? கோவப்படாத. தெய்வம் உள்ள மடத்தை நீ பாத்திருக்கே, கன்னியாஸ்திரி மடம். அங்கயும் ஒருத்தி அதிகாரம் பண்ணுவா, ஒருத்தி பாத்திரம் தேய்ப்பா. எல்லா எடத்துலயும் அப்படித்தான். ஆனா பாத்திரம் தேய்க்கவளுக்கு ஒரு வழி உண்டு. ராத்திரி முட்டுக்குத்தி நின்னு, ஏசுவே, இந்த மதரு என்னைப் படுத்துத பாடு உமக்குக் காணலியான்னு கேக்கலாம். பதிலு வருதா வரல்லியாங்கது வேற. கேக்க ஒரு எடம் இருக்கு. மதருக்கும் உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கும், நமக்கு மேல ஒருத்தன் பாத்துட்டு இருக்கான்னு. உங்க சாருக்கு மேல ஆரு இருந்தா? மேல கான்கிரீட்டு. கான்கிரீட்டுக்கு மேல டாங்கு. டாங்குல வெள்ளம் கேறிச்சான்னு எட்டிப் பாக்கதும் நான்.

அப்படியா சொல்லுதே. அம்மாவுக்கு விசுவாசம் இருந்ததுனாலதான் இம்புட்டும் தாங்கினியன்னு.

சாரும் அதையேதான் சொல்லுவாவ. எங்க சபையில பிடியரிசின்னு ஒண்ணு உண்டு. சோறு பொங்க அரிசி எடுக்கும்போ ஒரு பிடியைத் தனியா ஒரு பானையில போட்டு வைக்கணும். மாசம் ஒருக்கா சர்ச்சுல கொண்டு குடுக்கணும், இல்லாத்தவங்களுக்குப் போவும். வீட்டுக்கு உங்கள மாதிரி ஆளு வரும்போல்லாம் சாரு அந்தப் பானைய எடுத்துட்டுப் போயி மேசையில வைப்பாவ. பாருங்க, என் வீட்லயே ஒரு விசுவாசி உண்டு, நான் தடுக்கல்ல, அவளுக்கு நான் முழுச் சுதந்திரம் குடுத்திருக்கேன்னுவாவ. வந்தவன்லாம் தலையாட்டுவான். ஒருத்தன் கையத் தட்டினான். எனக்கு அந்தப் பானையக் கூட என்னையும் சேத்துத் தூக்கி மேசையில வச்ச மாதிரி இருக்கும்.

நீயும் சொன்னியே மக்கா. நீதான, அந்த அஞ்சலிக் கூட்டத்துல மைக்குப் பிடிச்சது? நம்பிக்கையுள்ள துணைவியை மதித்த நாத்திகத் துறவின்னு. கேட்டேன். அடுக்களை சன்னல் வழி நல்லாக் கேக்கும். சாரு ஒடம்பை மெடிக்கல் காலேஜுக்குக் குடுத்தது நல்ல காரியம், நான் குத்தம் சொல்லல்ல, பிள்ளிய படிக்கட்டு. வண்டியில ஏத்தும்போ நீங்கள்லாம் முத்தத்துல நின்னு கோஷம் போட்டிய. நான் மொகத்த ஒருக்கா பாக்கணும்னு வெளிய வந்தேன். அதுக்குள்ள ஒருத்தன் வந்து, அம்மா தூரத்துல இருந்து வந்தவங்களுக்கு சாயா ஏதாவதுன்னான். நான் திரும்பிப் போயி பாலை வச்சேன். பாலு பொங்குததுக்கும் வண்டி கெளம்புததுக்கும் சரியாப் போச்சு.

அழல்ல, அழல்ல. வெங்காயம் உரிச்சது. நீ தண்ணியக் குடி.

என்ன சொல்லுதே, எனக்குத் தனியா ஒரு ரூம்பா? எதுக்கு? ஜெபத்துக்கா. கிழக்கால உள்ள ரூம்பை விட்டுத் தருவிய, சிலுவை மாட்டிக்கிடலாம், பாட்டு பாடிக்கிடலாம், ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டிய. சாரு குடுத்த சுதந்திரத்த நீங்களும் குடுப்பிய.

நல்ல பிள்ளிய நீங்க. உள்ளபடியே சொல்லுதேன், நல்ல பிள்ளிய.

எனக்கு அந்த ரூம்பு வேண்டாம் மக்கா. எனக்கு விசுவாசம் ஒண்ணும் கெடையாது.

ஏன் இப்படி முழிக்கே? பல்லி விழுந்தவன் மாதிரி. தெய்வம் இல்லன்னு சொல்லுதவன் தானே நீ, நான் சொன்னா மட்டும் பயமாக்கும்?

சாருக்குப் போனது எலெக்சன்ல. எனக்கு அதுக்கும் ரொம்ப முந்தியே போச்சு. சுபிதா ரெண்டாங்கிளாஸோ மூணாங்கிளாஸோ. ஒரு ஞாயித்துக்கெழம ஆராதனையில எல்லாரும் நின்னு பாடிட்டு இருக்கோம். நான் நல்லாப் பாடுவேன், சர்ச்சுக் கொயர்ல ஆல்ட்டோ, கீழ்க்குரலு. பாடிட்டு இருக்கும்போவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இதைக் கேக்க ஆரும் இல்லன்னு. கரண்டு போன வீட்ல ஃபேனு பைய நிக்குமே, அதுமாதிரி நின்னுது. பயமா இருந்துதான்னு கேட்டா, இல்ல. அழுகையும் வரல்ல. பாட்டு முடிஞ்சுது, உக்காந்தேன், பிரசங்கம் கேட்டேன், வந்து மரச்சீனிக் கெழங்கு வேவ வச்சேன். காரணம் ஒண்ணும் கேக்காத. உங்க சாரு காரணத்த எல்லாம் அச்சடிச்சு வச்சிருக்காவ. எனக்கு ஒரு காரணமும் இல்ல.

பின்ன எதுக்கு வாரம் தவறாம சர்ச்சுக்குப் போனேன்னா?

உக்காரத்தான்.

அங்க பெஞ்சு உண்டு மக்கா. அதுல உக்காந்தா, ஆரும் என்னை மட்டும் எழுப்பமாட்டாவ. நிக்கச் சொன்னா எல்லாரும் நிக்கணும், உக்காரச் சொன்னா எல்லாரும் உக்காரணும். போதகரும் உக்காருவாரு, எனக்கத் தம்பி செயலரும் உக்காருவான். வாரத்துல அந்த ஒரு எடத்துலதான் எனக்கும் ஒரு ஆம்பிளைக்கும் ஒரே வேலை. அதை எனக்குப் பிடிச்சுது. பாட்டும் பிடிச்சுது. கேக்க ஆளில்லன்னாலும் பாட்டு நல்ல பாட்டுதான். பிடியரிசி தெய்வத்துக்குன்னு நான் போடல்ல, அது போற வீடு எனக்குத் தெரியும், அதுக்காவப் போட்டேன்.

இதுல ஒரு கூத்து கேளு. ஒவ்வொரு புதங்கெழமையும் ஜெபக்கூட்டத்துல ரசலையன் சாரு மனந்திரும்பணும்னு மொத்தப் பெண்கள் சங்கமும் முட்டுக்குத்தி ஜெபிக்கும். நான் முன்வரிசையில இருப்பேன், பாவம் ரத்தினம்னு தோளுல கை வைப்பாளுவ. அவியளுக்காவ ஊரே ஜெபிச்சுது. எனக்காவ ஒருத்தி ஒரு நாளு ஜெபிச்சதில்ல. எனக்குத்தான் எல்லாம் உண்டே.

சாருட்டயா? சொல்லல்ல. எப்படிச் சொல்ல? இந்த வீட்ல தெய்வம் இல்லாத்த ஆளு அவிய ஒருத்தர்தான். அவியளுக்க சொத்து அது. நானும் உண்டுன்னு போயி நின்னா, மைக்குல பேச அவியளுக்கு என்ன இருக்கும்? அதுமட்டும் இல்ல. சொல்லியிருந்தேன்னா எனக்க ஞாயித்துக்கெழமயும் போயிருக்கும். பின்ன எதுக்கு சர்ச்சு, இருந்து கஞ்சிய வையின்னுருப்பாவ. நியாயம்தான? நீயும் அதான் சொல்லியிருப்பே.

அதனால, முடியுமா முடியாதான்னு நீ கேட்டதுக்கு நான் இப்பம் பதிலு சொல்லுதேன். முடியும். நான் செய்தேன். விடியுமுன்ன எந்திச்சேன், வாயடைச்சு இருந்தேன், எல்லாரும் தின்ன பொறவு மிச்சம் இருந்தா தின்னேன், பேரனைக் கொஞ்சுதது எல்லாம் விட்டேன், மேல பாக்க ஆரும் இல்லன்னு தெரிஞ்சேதான் செய்தேன். முடியும் மக்கா. ஆனா எனக்கு அது பிடிக்கல்ல. ஒருநாளும் பிடிக்கல்ல. அதையும் நீ எங்கயாவது எழுதணும்னா எழுது, வேண்டாம்னா விடு.

வீடா? இருந்துக்கோங்க. சாவி அந்த ஆணியில கெடக்கு. நான் சம்மதம் சொல்லுதேன். மடம் நடத்துங்க, நல்லா நடத்துங்க. ஆனா நான் இங்க இல்ல. திங்கக்கெழம போறேன்.

சுபிதா வீட்டுக்கு இல்ல. அவ வா வான்னுதான் சொல்லுதா. அங்கயும் ஒரு அடுக்களை உண்டுலா, நான் சும்மா இருப்பனா, அவ மாமியாரு சும்மா இருக்க விடுவாளா. கோட்டாறு பக்கம் சிஸ்டர்மாரு நடத்துத வயசானவங்க வீடு ஒண்ணு இருக்கு. நாங்க அந்தச் சபை இல்லன்னாலும் எடுப்பாவ. பக்கத்து வீட்டு எலிசாவக் கூட்டிட்டு போன வாரம் போயிப் பாத்துட்டு வந்துட்டேன். பெரிய சிஸ்டர் நல்ல சின்ன வயசு, முட்டிக்குக் கீழ வரைக்கும் சேறு, கீரை பறிச்சிட்டு வந்தாவ. நான் நெனச்சேன், இனி இந்த வயசுல பொய் சொல்லிட்டு ஒரு எடத்துல கேற வேண்டாம்னு. சொல்லிட்டேன். சிஸ்டர், எனக்குத் தெய்வ நம்பிக்கை கெடையாது, நான் வெளிய ஆருட்டயும் சொன்னதில்லன்னேன். அவிய என்னை மேலயும் கீழயும் பாத்தாவ. பொறவு, சக்கரை உண்டான்னு கேட்டாவ.

ஆமா. சக்கரை நோய் உண்டா, முட்டு வலி உண்டா, கீழ உள்ள கட்டிலு வேணுமா மாடியிலயான்னு. அம்புட்டுத்தான். எனக்குச் சிரிப்பு வந்துட்டு, எலிசா என்னைய நுள்ளுதா.

அங்க வரிசையில போயி நின்னா தட்டுல சோறு போடுவாவ. தின்னுட்டு அவங்கவங்க தட்டை அவங்கவங்க கழுவணும். நான் கழுவ ஒரு தட்டு, கேட்டியா. ஒரே ஒரு தட்டு.

நீ ஏன் எந்திக்கே? இரு. போறதுக்கு நாளு கெடக்கு. மேல அளந்து முடியல்லியா அவன்வளுக்கு? ரெண்டு பேரையும் கீழ விளி, உச்சையாச்சு, பசிக்கும்லா. ஆரு, பொறத்த ஆளு சத்தம்? எலிசாவா? சந்தைக்குப் போனா, எனக்கும் சேத்து வாங்கிட்டு வாரேன்னா. என்ன மீனு, சாளையா? நெறய இருக்கா? பின்ன கொள்ளாம், நாலு பேருக்குக் காணும். நான் அடுக்களையில கேறமாட்டேன், இங்கயே இருப்பேன். உனக்கு மீனு ஆயத் தெரியாதா? வாலைப் பிடிச்சிட்டுத் தலைப்பக்கம் பாத்து சுரண்டணும், நான் சொல்லித் தாரேன், வெரலைப் பாத்துக்கோ. வேட்டிய மடிச்சுக் கெட்டு, செதிலு தெறிக்கும்.

ஏட்டி எலிசா, அங்க நின்னு என்ன பாக்கே? அந்த அருவாமணையும் எடுத்துட்டு, மீனை இங்க உள்ள கொண்டா.